பதினைந்தாம் பாசுரத்தில் ஓர் இடைவெளி

அப்பா போன பிறகு மூன்று வருடம் அவருடைய சிடிகளை யாரும் தொடவில்லை. ராஜபாளையம் வீட்டில் டிவி மேசைக்குக் கீழே இரண்டு அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. போன கார்த்திகையில்தான் உட்கார்ந்தேன். யூஎஸ்பியில் மாட்டுகிற ஒரு சிடி டிரைவ் வாங்கி, மார்கழி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுவது என்று திட்டம். அம்மாவுக்கு மார்கழிக் காலையில் திருப்பாவை ஓடியாக வேண்டும். பழைய பிளேயர் தட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் துப்ப ஆரம்பித்திருந்தது.

ஒற்றைத் தட்டுகளில் தொந்தரவு இல்லை. போட்டால் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தகராறெல்லாம் இரண்டு, மூன்று, ஐந்து தட்டுகளாக வந்த தொகுப்புகளில். அவற்றை எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது, எந்த வரிசையில் வைப்பது? கம்ப்யூட்டர் தெரிந்த நண்பன், "இதுல என்னடா இருக்கு, எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போடு" என்றான். போட்டேன். அதற்குப் பிறகுதான் இது கம்ப்யூட்டர் பிரச்சினை இல்லை, விமர்சனப் பிரச்சினை என்று புரிந்தது. தொகுப்பை அடுக்குகிறவன் அதற்கு ஒரு வாசிப்பைத் தருகிறான். தெரியாமல் அடுக்கினாலும் தருகிறான்.

மார்கழி முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுத் திருப்பாவை இரண்டு தட்டு, தட்டுக்குப் பதினைந்து பாசுரம். காலை ஐந்து மணிக்கு முதல் பாசுரம் ஓடியது. அடுத்து பதினாறாம் பாசுரம். அதற்கடுத்து இரண்டு, பிறகு பதினேழு. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, பொண்ணுங்க ஒருத்தியும் இன்னும் எந்திரிக்கல. அதுக்குள்ள நந்தகோபன் வாசலுக்குப் போயாச்சா?"

நடந்தது இதுதான். 1982-இல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடியின் அடிப்படை வடிவத்தில் பாட்டின் பெயருக்கு இடமில்லை. எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு மட்டும் உண்டு. ரிப் செய்யும் மென்பொருள் அந்தக் கணக்கிலிருந்து ஓர் எண்ணை உருவாக்கி, இணையத்தில் யாரோ தட்டச்சு செய்து வைத்த பட்டியலில் தேடும். பல வருடம் உதவிய ஃப்ரீடிபி பட்டியல் 2020-இல் மூடப்பட்டது. இப்போது மியூசிக்பிரைன்ஸ் போன்றவை இருக்கின்றன. இரண்டு தட்டும் ஒரே பெட்டியில் பிறந்தவை என்பது தட்டுக்குத் தெரியாது. பட்டியலில் யாராவது அந்த உறவைச் சொல்லியிருந்தால்தான் உண்டு. எங்கள் தொகுப்புக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு தட்டிலும் ஒன்றாம் எண் டிராக் இருந்தது. ஒரே ஃபோல்டரில் போட்டதும் ஒன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும் ஜோடி சேர்ந்துகொண்டன.

சரி செய்வது சுலபம். ஆல்பத்தின் பெயர் எல்லாத் தட்டுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றில் 'எச்' வந்து மற்றதில் வராவிட்டால் பிளேயர் அதை வேறு ஆல்பம் என்று நினைத்துக்கொள்ளும். 'தட்டு 1', 'தட்டு 2' என்பதை ஆல்பத்தின் பெயரில் ஒட்டக்கூடாது. அதற்கென்றே தட்டு எண் என்று தனி டேக் இருக்கிறது. கோப்பின் பெயரை 1-01, 1-02, 2-01 என்று வைத்தால் டேக் படிக்கத் தெரியாத பிளேயரிலும் வரிசை குலையாது. அந்தச் சுழியை விட்டுவிட்டால் சில கருவிகளில் ஒன்றுக்கு அடுத்து பத்து வந்து நிற்கும்.

இவ்வளவையும் செய்த பிறகும் அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. அவள் வரிசை எண்ணைக் கேட்கவில்லை, கதையைக் கேட்டாள். திருப்பாவையின் முதல் ஐந்து பாசுரங்கள் நோன்புக்கான முன்னுரை. ஆறிலிருந்து பதினைந்து வரை பத்துப் பெண்களை வீடு வீடாகப் போய் எழுப்புவது. பதினாறில் எல்லோரும் கூடி நந்தகோபனின் வாசலில் நின்று காவல்காரனிடம் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். அதாவது, முதல் தட்டு முடிகிற இடத்தில் கடைசிப் பெண் எழுந்துவிடுகிறாள். இரண்டாம் தட்டு வாசலில் தொடங்குகிறது. சிடி போட்டவர் இதை யோசித்திருக்க வேண்டியதில்லை. முப்பதில் பாதி பதினைந்து, அவ்வளவுதான். ஆனால் பாட்டும் அங்கேதான் ஒரு மூச்சு விடுகிறது.

எங்கள் வீட்டுத் தொகுப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்து, எம்.எல். வசந்தகுமாரி பாடிப் பரவலான மெட்டுகளில் அமைந்தது. அதில் முதல் ஐந்து பாசுரங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் அதே ஐந்து கன ராகங்கள், அதே வரிசை. ஆறாம் பாசுரத்தில், முதல் பெண்ணை எழுப்பப் போகும்போது சங்கராபரணம். முன்னுரை எங்கே முடிகிறது என்று உரைகாரர்கள் சொல்வதை அரியக்குடி ராகத்தால் சொல்லியிருக்கிறார் என்றே நான் கேட்கிறேன். கச்சேரிக்கு இன்றைய வரிசைமுறையைக் கொடுத்தவர் அவர். எதற்குப் பின் எது என்பதுதான் அவருடைய பெரிய கலை. இதே முப்பதை அகரவரிசையில் அடுக்கிப் பாருங்கள். 22-ஆம் பாசுரம் முதலில் வரும், 17 அடுத்து. முப்பதாவதைத் தாண்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் இரண்டாம் பாசுரம் நிற்கும். ஒரு பாட்டும் தொலைந்திருக்காது, திருப்பாவை மட்டும் தொலைந்திருக்கும்.

இந்தக் குழப்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. மாமா அங்கே இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரிடமிருந்த பிரபந்த சிடிகளையும் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஆழ்வாருக்கு ஒரு ஃபோல்டர் என்று பன்னிரண்டு போட்டுக் காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மாப்ள, நாதமுனிகள் வேலைய நீ கலைச்சுட்டியே" என்றார்.

அவர் சொன்னது சரி. பல தட்டுத் தொகுப்பை அடுக்கும் சிக்கலை ஆயிரம் வருடத்துக்கு முன்பே தீர்த்தவர் நாதமுனிகள். நாலாயிரத்தை அவர் நான்கு பகுதியாக வைத்தார். ஆழ்வார் வாரியாகவும் வைக்கவில்லை, கால வரிசையிலும் வைக்கவில்லை. காலத்தில் முந்தியவர்களான பொய்கை, பூதம், பேய் மூவரும் இயற்பாவில் இருக்கிறார்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழி தனி ஆயிரம். அவருடைய திருவிருத்தமோ இயற்பாவில். திருமங்கையும் இப்படி இரண்டு இடத்தில் இருக்கிறார். ஏனென்றால் பிரிவின் அடிப்படை இசைப்பதா, இயலாகச் சொல்வதா என்பது. 'பாடகர்' என்ற டேகை வைத்து அடுக்கினால் இந்த யோசனை முழுவதும் அழிந்துவிடும். முதலாயிரத்தில் பெரியாழ்வாருக்கு அடுத்து ஆண்டாள். ஒரே ஊர், அப்பா, மகள், அடுத்தடுத்து. என்னுடைய பன்னிரண்டு ஃபோல்டரில் 'ஆ' எழுத்தில் ஆண்டாள் முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பெரியாழ்வார் எங்கோ கீழே.

கோயில் இதற்கு மேல் ஒன்றைச் செய்கிறது. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என்று நாட்களுக்குப் பிரபந்தத்தைப் பங்கிடுகிறது. அரையர் சேவை இன்னும் நடக்கிற சில ஊர்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்று. இராப்பத்தில் திருவாய்மொழி நாளுக்கு ஒரு பத்து. நாள்தான் அங்கே தட்டு. நாதமுனிகளின் வரிசையை அழிக்காமல் அதன்மேல் இன்னொரு வரிசை. கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் ஃபோல்டர் வேறு, பிளேலிஸ்ட் வேறு. ஃபோல்டர் தொகுத்தவருக்கு, பிளேலிஸ்ட் கேட்பவருக்கு.

அதற்காக எல்லாத் தட்டுப் பிரிவையும் புனிதமாக்க வேண்டியதில்லை. எம்.எஸ். பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா ஐந்து எல்.பி. இசைத்தட்டுகளாக வந்தது. பெயரிலேயே ஐந்து இருக்கிறது. அதை ஒரே நீளப் பட்டியலாக்கினால் பெயருக்கே அர்த்தம் போய்விடும். ஆனால் சீசன் கச்சேரி ஒன்று இரண்டு சிடியாக வந்தால் அந்தப் பிரிவு பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் பிரிவு. ஒரு தட்டில் கொள்வது ஏறத்தாழ 74 நிமிடம், கச்சேரி இரண்டரை மணி நேரம். அங்கே பாடகர் நிறுத்தவில்லை, இடம் தீர்ந்தது. அதை ஒட்டவைப்பதுதான் நியாயம். கைத்தட்டலுக்கு நடுவே சின்ன வெற்றிடம் விழாமல் இருக்க எம்பி3-ஐ விட ஃபிளாக் நல்லது. தனி ஆவர்த்தனம் தனி டிராக்காக இருக்கும். ஷஃபிளில் போட்டால் பாட்டில்லாமல் மிருதங்கம் மட்டும் திடீரென்று இறங்கும். இன்னொரு பக்கம், நம் சினிமா சிடிகளில் ஒரே தட்டில் இரண்டு மூன்று படம் இருக்கும். அவற்றைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வெட்டு பாட்டுடையதா, தட்டுடையதா? அதற்கு மென்பொருளால் பதில் சொல்ல முடியாது. உட்கார்ந்து கேட்டவர் சொல்ல வேண்டும்.

திருப்பாவையை அந்தக் கேள்வியோடு மறுபடி அடுக்கினேன். தட்டு எண், பாசுர எண், எல்லாம் சரி. அடுத்த நாள் முப்பதும் பிசிறில்லாமல் ஓடின. பதினைந்தில் பேகடை முடிந்த கணமே பதினாறின் மோகனம் தொடங்கியது. அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுவிட்டாள்.

"இங்க உங்கப்பா எந்திரிச்சுப் போவாரு."

அப்பா தட்டு மாற்ற எழுவார். முழங்கால் வலி, மெதுவாகத்தான் எழுவார். போகிற போக்கில் அம்மாவிடம் காபி கேட்பார். அந்த ஒரு நிமிடம் இருவருக்கும் திருப்பாவையின் பகுதியாகவே ஆகியிருந்தது. நான் தட்டு எண்ணைக் காப்பாற்றியிருந்தேன், தட்டு மாற்றும் நேரத்தை அழித்துவிட்டேன்.

1-15-க்கும் 2-01-க்கும் நடுவே ஒரு நிமிட மௌனத்தைக் கோப்பாகச் செருகலாமா என்று யோசித்தேன். சுலபம்தான். ஆனால் அது பொய். அந்த இடைவெளி பாட்டுடையதும் இல்லை, தட்டுடையதும் இல்லை, அப்பாவுடையது. அதற்கு டேக் கிடையாது. அதனால் இரண்டு தட்டையும் இரண்டு ஃபோல்டராகவே விட்டுவிட்டேன். பதினைந்தோடு பிளேயர் நின்றுவிடும். யாராவது எழுந்து போய் அடுத்ததை அழுத்த வேண்டும்.

இப்போது அம்மா போகிறாள்.