மின்சாரத்தை அச்சடிக்கலாமா?

2007 டிசம்பரில் கலிபோர்னியாவின் நானோசோலார் நிறுவனம் தன் முதல் சூரியத் தகடுகளை விற்பனைக்கு அனுப்பியபோது, சிலிக்கானின் காலம் முடிந்தது என்றே பலர் எண்ணினர். செம்பு, இண்டியம், காலியம், செலினியம் கலந்த நானோதுகள் மையை, செய்தித்தாள் அடிப்பதுபோல அலுமினியச் சுருளில் அச்சிட்டது அது. விலையுயர்ந்த வெற்றிடக் கலன்கள் வேண்டாம், செலவு குறையும் என்பது கணக்கு. ஆனால் சிலிக்கானின் விலை சரிந்தது. 2013இல் நானோசோலார் இழுத்து மூடப்பட்டது. நோபல் பெற்ற ஆலன் ஹீகர் இணைந்து தொடங்கிய கொனார்க்கா நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே திவாலாகியிருந்தது. அது அச்சிட்டது பாலிமர் மையை.

இதை வைத்து அறிவியலைக் குறை சொல்ல முடியாது. மின்சுற்று அச்சிடும் வெள்ளி மையைப் பாருங்கள். வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதையே நானோதுகளாக்கினால் அணுக்களில் கணிசமான பங்கு பரப்பிலேயே நிற்கும். அதனால் 150 டிகிரி வாக்கிலேயே துகள்கள் ஒட்டிக்கொள்ளும். சாதாரண பிளாஸ்டிக் தாளிலும் மின்சுற்று வரைய முடிவது இதனால்தான். வழக்கமான முறைபோல முழுப் பரப்பிலும் உலோகம் பூசிப் பெரும்பகுதியை அரித்துக் கழிக்கும் வீண்செலவும் இல்லை.

சிக்கல் மையிலேயே இருக்கிறது. துகள்கள் திரண்டு அச்சுமுனையை அடைக்காதிருக்க அவற்றின்மேல் கரிமப் பூச்சு தேவை. அதே பூச்சு மின்னோட்டத்தைத் தடுக்கிறது. சூடேற்றி நீக்கினாலும் எச்சமும் நுண்துளைகளும் தங்கிவிடும். அதனால் அச்சிட்ட வெள்ளிக் கோடு திட வெள்ளி அளவுக்கு மின்சாரம் கடத்தாது. மைத்துளி உலரும்போது துகள்கள் காபிக் கறைபோல விளிம்பில் ஒதுங்குகின்றன. மடிக்க மடிக்க நுண்விரிசல் வேறு. மலிவென்று செம்பை நாடினால், அது காற்றுப்பட்டதும் ஆக்சைடாகிவிடுகிறது.

அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் அச்சிட்ட மின் அறுவடைக் கருவிகள்மீதுதான் எனக்கு ஐயம் அதிகம். 2006இல் ஜார்ஜியா டெக்கின் வாங் சோங்லின் குழு துத்தநாக ஆக்சைடு நானோகம்பியை வளைத்து மின்சாரம் எடுத்துக் காட்டியது முதல் இத்துறையில் ஆய்வுகள் குவிகின்றன. விரலால் தட்டினால் பல வோல்ட் என்கிறார்கள். அது பெரும்பாலும் சுமை இணைக்காதபோது அளந்த உச்ச மின்னழுத்தம். மின்னோட்டமோ மைக்ரோஆம்பியர் அளவில்தான். எப்போதாவது விழித்து ஒரு அளவை அனுப்பும் சிறு உணரிக்கு அது போதலாம், கைபேசிக்குப் போதாது.

அச்சு வென்ற இடங்கள் அடக்கமானவை. இரத்தச் சர்க்கரை அளக்கும் பட்டைகள் பலவற்றில் மின்முனைகள் திரையச்சில் இட்ட கார்பன் மைதான். ஒருமுறை பயன்படுத்தி எறிவதால் ஆயுள் பிரச்சினையே இல்லை. சிலிக்கான் சூரியத் தகடுகளின் வெள்ளிக் கோடுகளும் திரையச்சில்தான் பதிகின்றன. நானோசோலார் வீழ்த்தப் பார்த்த அதே சிலிக்கானில்! முழுக் கருவியையும் தானே செய்ய முயலாமல், பிறிதொன்றுக்குத் துணைநின்ற இடத்தில்தான் அச்சு நிலைத்திருக்கிறது.

ஆகவே சட்டையே மின்சாரம் தரும் என்று செய்தி வந்தால், உச்ச வோல்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். சுமை இணைத்தபின் சராசரி மின்திறன் எவ்வளவு, ஆயிரம் முறை மடித்தபின் எவ்வளவு என்று கேளுங்கள்.