தீவில் ஒரு சம்பங்கித் தொட்டி

ஹயசிந்த் கிழங்கு பல வாரக் குளிர் கண்டால்தான் பூக்கும். போர்ட் பிளேயர் என்று நாம் அழைத்துப் பழகிய ஸ்ரீ விஜயபுரத்தில் அதற்கு வழியே இல்லை. அந்தமான் வீட்டு முற்றத்துக்கு என் தேர்வு, மெக்சிகோவிலிருந்து வந்து நம் மாலைகளில் ஏறிவிட்ட சம்பங்கிதான்.

வெயிலுக்கு அஞ்சாத கிழங்கு இது. தேங்கும் நீர்தான் எமன். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை கொட்டும் ஊரில், தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லு பரப்பி, மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணைப் போட வேண்டும். கையில் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் கிழங்கையே எடுங்கள். பிடுங்கிய கிழங்கை நிழலில் சில வாரம் ஆறப்போட்டு நடுவது நல்லது.

சுமார் மூன்று மாதத்தில் தண்டு நிமிரும். மொட்டுகள் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு அடுக்காக அவிழும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த ‘பிரஜ்வல்’ ரகத்தில் மொட்டு நுனி இளஞ்சிவப்பாகத் தெரியும். விரிந்தால் தூய வெள்ளை. பொழுது சாய்ந்தபின் வரும் அந்த மணத்துக்கு ஈடாக வேறு பூவை நான் சொல்லமாட்டேன்.

மழை ஓயும் ஜனவரியில் நடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் பூப் பார்த்துவிடலாம்.