பொட்டி வேற ஊருது: கான்ட்ராவின் பாடபேதங்கள்

டிவி கேம் பற்றி நம் பக்கங்களில் பேச்சு வந்தால் இரண்டு பாட்டுகள்தான் கேட்கின்றன. ஏகாதிபத்தியம் பிள்ளைகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டது என்கிற ஒப்பாரி ஒன்று. 'எங்க காலத்துல கேசட்டை ஊதிப் போட்டு ஆடுவோம்' என்கிற பெருமூச்சு மற்றொன்று. இரண்டிலும் ஆட்டம் ஒரு பிரதியாக வாசிக்கப்படவே இல்லை.

நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் 'ஃபாமிகாம்' என்ற பெட்டியை விற்கத் தொடங்கியது. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது அதற்கு வேறு பெயர், வேறு உடம்பு கொடுத்தது. கேசட்டின் 60 பின்கள் 72 ஆயின. உள்ளே ஒரு பூட்டுச் சில்லும் வைக்கப்பட்டது. அனுமதி பெறாத கேசட்டைச் செருகினால் பெட்டி திரும்பத் திரும்ப அணைந்து எழும், ஆட்டம் வராது. ஐரோப்பாவுக்கு வேறு பூட்டுகள். 'பிராந்தியம்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். நிலமோ மொழியோ அல்ல, எந்தச் சரக்கை எந்தச் சந்தையில் என்ன விலைக்கு விற்பது என்கிற கணக்கு. இதில் ஐந்திணையைத் தேட வேண்டாம். திணைமயக்கத்துக்கு இடம் உண்டு, பூட்டுச் சில்லில் மயக்கத்துக்கு இடமில்லை.

இந்த வரைபடத்தில் கடலூர் எங்கே? எங்கள் கைக்கு வந்த பெட்டியின் கேசட் வாய் ஜப்பானியது, 60 பின். சில்லுகள் தைவானில் யுஎம்சி போன்ற நிறுவனங்கள் நகலெடுத்தவை. டிவி ஐரோப்பிய முறையில் இயங்குவது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தபோது இந்தியா பிஏஎல் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. கேசட்டுக்குள் இருந்ததோ அமெரிக்கப் பதிப்பு. நாலு ஊர்ச் சாமான் ஒரே பொட்டிக்குள். பிறத்தியார் பிராந்தியத்து ஆட்டத்தை ஆடுவது அங்கே சேகரிப்பாளரின் பொழுதுபோக்கு. இங்கே ஆட்டம் என்றாலே பிறத்தியாருடையதுதான்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது, நமது டிவி 50 முறை. ஆட்டத்தின் ஓட்டமும் பாட்டின் தாளமும் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு போகின்றன. எனவே ஒசாகாவில் ஓடிய மாரியோவைவிடக் கடலூரில் ஓடிய மாரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். நகலெடுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. 50இல் ஓடினாலும் ஜப்பானிய ஆட்டத்தின் படம் சிதையாமலிருக்க, சில்லின் கடிகாரத்தையும் கோடுகளின் எண்ணிக்கையையும் மாற்றியமைத்தார்கள். நின்டெண்டோவே ஐரோப்பாவுக்குச் செய்த பெட்டியில் சுருதி இறங்கிப்போனது. இந்தக் 'கள்ள'ச் சில்லில் சுருதி கிட்டத்தட்ட மூலத்தோடு நின்றது. இதை மொழிபெயர்ப்பு என்றுதான் சொல்வேன். பெயர் போட்டுக்கொள்ளாத மொழிபெயர்ப்பாளர்கள்.

இதில் வர்க்கமும் உண்டு. பரங்கிப்பேட்டை ஆட்கள் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கொண்டுவந்த பெட்டிகள் நேராக வேலை செய்தன, அங்கும் பிஏஎல்தான். திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அதிகாரி வீட்டுக்கு அமெரிக்க உறவினர் கொண்டுவந்த அசல் நின்டெண்டோ ஷோகேஸில் உட்கார்ந்திருந்தது. 110 வோல்ட், வேறு முறை, 72 பின். எந்தக் கேசட்டும் நுழையாது. கூலிக்குப் போனவர் கொண்டுவந்த போலி ஓடியது, படித்துப் போனவர் கொண்டுவந்த அசல் ஓடவில்லை. சிதம்பரம் மேலவீதியில் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒருவர், கறுப்பு வெள்ளையாகவே படம் வந்த ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கலர் வராதுப்பா, பொட்டி வேற ஊருது." பிராந்தியம் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இப்போது கான்ட்ராவுக்கு வருவோம். கோனாமி 1987இல் வெளியிட்ட ஆட்டம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிகரகுவாவில் 1979இல் சோமோசாவை வீழ்த்திய சாண்டினிஸ்டாக்களுக்கு எதிராக அமெரிக்கா பணம் கொடுத்து வளர்த்த படையின் பெயர். மூல ஆட்டத்தின் இறுதி இசைக்கு வைத்த பெயரே 'சாண்டினிஸ்டா'. தற்செயல் என்று யாரும் வாதாட முடியாது.

ஜப்பானியக் கதையில் காலம் 2633, களம் நியூசிலாந்துக்கு அருகே கற்பனையான ஒரு தீவுக்கூட்டம். 1988இல் அமெரிக்க வீடுகளுக்கு வந்தபோது கையேட்டில் காலம் நிகழ்காலமாகவும் களம் தென்னமெரிக்கக் காடாகவும் மாற்றப்பட்டன. படம் ஒன்றே, கதையைப் பிராந்தியம் திருத்தி எழுதியது. ஐரோப்பாவுக்கு 1990இல் போனபோது, ஜெர்மனியின் இளைஞர் பாதுகாப்புச் சட்டத்துக்கு அஞ்சி, சுடுபவர்களையும் சுடப்படுபவர்களில் மனிதர்களையும் எந்திரங்களாக்கிப் பெயரையும் 'புரோபொடெக்டர்' என்று மாற்றினார்கள். டிவி முறையை மட்டும் பார்த்தால் நமக்கு வந்திருக்க வேண்டியது அதுதான். வந்தது மனிதனை மனிதன் சுடும் பதிப்பு. ஐரோப்பியப் பிள்ளைகளைக் காத்த சட்டம் நம் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கக் காரணமில்லை.

ஆனால் கையேடு எங்களுக்கு வரவேயில்லை. அமேசானும் வரவில்லை, 2633ம் வரவில்லை. தலைப்புப் பக்கத்தில் கம்பெனி பெயர்கூடச் சுரண்டப்பட்டிருந்தது. சட்டையில்லாத இரண்டு பேர், காடு, துப்பாக்கி. எங்கள் தெருவில் நீலப் பேண்ட்காரன் 'கேப்டன் பிரபாகரன்' விஜயகாந்த். சிவப்புப் பேண்ட்காரன் யாரென்று சண்டை. "டேய் எஸ் எடுடா, எஸ் எடுடா" என்பதற்கு மேல் அரசியல் கிடையாது. ஏகாதிபத்தியக் கதை கஸ்டம்ஸோடு நின்றுவிட்டது என்று இதைக் கொண்டாட ஒரு வாசிப்பு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை உதிர்ந்த பிறகு மிஞ்சியது சுடுவது மட்டும். எதிரி யார், எதற்காக என்ற கேள்விகூட வேண்டாத சுடுதல். பொய்யான காரணத்தையாவது ஒருவன் எதிர்த்துப் பேசலாம். காரணமே இல்லாததை எப்படி எதிர்ப்பது? தமிழில் ஒரு சொல்கூட இல்லாத அந்த இடைவெளியில் நாங்கள் சொந்தமாகப் போட்ட கதையும் அரசாங்க அதிகாரியின் கதைதான் என்பதைக் கவனியுங்கள்.

பாடபேதங்களைப் படித்தே எம்.ஏ. முடித்த எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. இந்த ஆட்டங்களைக் கணினிக் கோப்புகளாகத் தொகுத்தவர்கள் அசலுக்கு ஆச்சரியக் குறி போட்டார்கள். திருட்டுப் பதிப்புக்கும் கைவைத்த பதிப்புக்கும் தனித்தனி எழுத்துகள். சுத்த பாடம் வேண்டுகிறவர் குறியைப் பார்த்து மற்றவற்றை ஒதுக்கிவிடலாம். கடலூரில் ஆடப்பட்டது அந்த ஒதுக்கப்பட்ட பாடம். ஏடு பெயர்த்தவனின் பிழையும் இடைச்செருகலும் வரலாறு என்று உ.வே.சா.வுக்குப் பிறகு நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. '9999 இன் 1' என்று அச்சிட்ட கேசட்டில் ஒரு கைப்பிடி ஆட்டங்களே வேறு வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயர்ப்பட்டியலே ஒரு பிரதி.

பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தலைப்பில் கம்பெனி பெயர் இருக்கிறதா, பட்டியலில் என்னென்ன பெயர்கள், கான்ட்ராவின் முதல் கட்டத்தில் பின்னால் நிற்கும் மர ஓலைகள் அசைகின்றனவா. ஜப்பானியப் பதிப்பில் அவை காற்றில் ஆடும். அதற்கென்று கேசட்டில் தனிச் சில்லு இருந்தது. அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சில்லு இல்லை, மரங்கள் ஆடுவதில்லை. எங்கள் கேசட்டில் ஆடவில்லை.