சிற்பியின் நரகமும் நம் கடைவீதியும்

தமிழ்க் கதைகளில் நெசவாளி வந்தால் பெரும்பாலும் பசியோடுதான் வருகிறான். குயவன் வந்தால் கடனோடு வருகிறான். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். 1953-ல் வெளிவந்த ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நாவல், நூல் பஞ்சத்தால் தறிகள் ஓய்ந்துபோன நாட்களில் திருநெல்வேலிச் சீமை நெசவாளர்கள் பட்ட பாட்டைச் சொல்லிற்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பிரியதர்ஷன் எடுத்து, 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்ற ‘காஞ்சிவரம்’ படமும் அதே துயரத்தைத்தான் சொல்கிறது. ஊரார் உடுத்தப் பட்டு நெய்கிற வேங்கடம், பெற்ற மகளுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுக்க வழியில்லாமல் இழை இழையாகத் திருடுகிறான். கல் நெஞ்சமும் கரையும் கதை.

ஆனால் புதுமைப்பித்தன் கேட்டது வேறொரு கேள்வி. ‘சிற்பியின் நரகம்’ என்ற அவருடைய கதையில் வரும் சாத்தனுக்குச் சோற்றுக் கவலை இல்லை. வாழ்நாளெல்லாம் தேடி, ஒரு நடராஜர் சிலையைச் செய்து முடிக்கிறான். அது கோயிலுக்குப் போகிறது. பிறகு கனவு காண்கிறான். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வருகிறார்கள், மோட்சம் வேண்டும் என்று கேட்கிறார்கள், போகிறார்கள். சிலையை நிமிர்ந்து பார்க்க ஓர் ஆத்மா இல்லை. அதுதான் சிற்பியின் நரகம். பசி அல்ல, செய்ததைப் பார்க்க ஆள் இல்லாமை.

இந்த இரண்டு துன்பங்களில் முதலாவதை நம் வாசகர்கள் நன்றாகப் புரிந்துகொண்டு விட்டார்கள். இரண்டாவதைப் புரிந்துகொள்ளவே இல்லை என்பது என் அபிப்பிராயம். புத்தகத்தை மூடிவிட்டுக் கடைவீதிக்குப் போகும்போது நாம் நடந்துகொள்வதைப் பார்த்தாலே இது விளங்கும்.

இன்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் உள்ளூர்ச் சாமான்கள்மேல் பிரியம் பெருகியிருக்கிறது. சந்தோஷமான விஷயந்தான். கைத்தறி, பனை ஓலைப் பெட்டி, பத்தமடைப் பாய், செக்கு எண்ணெய், பழைய ரக அரிசி எல்லாம் நல்ல வீடுகளில் மறுபடி நுழைந்துவிட்டன. ஆனால் வாங்குகிறவர்கள் பேசுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். “பாவம், ஏழை ஜனங்கள், நாலு பேர் வாங்கினால்தானே பிழைப்பார்கள்” என்பார் ஒருவர். “இது இயற்கையானது, உடம்புக்கு நல்லது” என்பார் இன்னொருவர். “எங்கள் வீட்டில் எல்லாமே கைத்தறிதான்” என்று மூன்றாமவர் பெருமைப்படுவார். முதலாமவருக்குப் புண்ணியம், இரண்டாமவருக்கு ஆரோக்கியம், மூன்றாமவருக்கு கௌரவம். சாத்தனின் சிலைமுன் மோட்சம் கேட்ட கூட்டத்துக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கையில் இருக்கும் பாயைத் திருப்பிப் பார்த்து, இதை நெய்தவள் கைகாரி என்று சொல்ல நாலாமவர் ஒருவர் இல்லையே!

ஒரு காஞ்சிபுரம் பட்டை எடுத்துக்கொள்வோம். தியாகராய நகரில், பனகல் பார்க்கைச் சுற்றி உள்ள பெரிய கடைகளில் முகூர்த்த நாட்களுக்கு முன்னால் கால் வைக்க இடம் இருக்காது. விற்பவர் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேலைகளை உதறிப் போடுகிறார். வாங்குகிறவர்கள் நிறத்தைக் கேட்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், புது டிசைனா என்று கேட்கிறார்கள். சேலையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

திருப்பினால் அல்லவா கதை தெரியும்! உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், அந்த இரண்டும் சேருமிடத்தில் இழைகள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். இதற்குக் கோர்வை என்று பெயர். இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளி ஒருவரால் ஆகிற காரியம் அல்ல, பக்கத்தில் துணைக்கு ஒரு கை வேண்டும். முந்தானையும் வேறு நிறமானால், அதற்குத் தனிப் பாவு வைத்து, உடற்பாவின் ஆயிரக்கணக்கான இழைகளோடு அதைக் கையால் இணைக்க வேண்டும். அதைப் பெட்னி என்பார்கள். கூர்ந்து பார்த்தால் இணைப்பின் தடம் ஒரு கோடாகத் தெரியும். சரிகையும் அப்படியே. சிவப்புப் பட்டு இழையைச் சுற்றி வெள்ளியை ஏற்றித் தங்கமுலாம் பூசியதே பழைய முறைச் சரிகை. லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரிந்துவிடும்.

நம் பாட்டிமார்களில் பலர் இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. விரலால் தடவியே சொல்வார்கள். நெய்கிறவனுக்கு அவர்களிடம் பயம் இருந்தது. பயத்தோடு மரியாதையும் இருந்தது. கோர்வையை ஏமாற்றினால் தெரிந்துவிடும் என்ற பயம், நன்றாகச் செய்தால் அதுவும் தெரியும் என்ற நம்பிக்கை. தெரியாதவர்கள் வாங்க வந்தபோது இந்த இரண்டுமே போயின. கோர்வை போட்டதும் போடாததும் வாங்குகிறவர் கண்ணுக்கு ஒன்றேயானால், இரட்டிப்பு உழைப்பை யார் செலவழிப்பார்கள்? கோர்வைத் தறி குறைவதற்கு விசைத்தறியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. குருட்டுக் கண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். சர்க்கார் பார்க்காமல் இல்லை. சில துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் ஒரு சட்டம் வந்தது. முதலில் 22 வகைகளை ஒதுக்கினார்கள்; பிறகு அது 11 ஆகச் சுருங்கிற்று. 2003-ல் அமலுக்கு வந்த சட்டத்தின்படி ஊர்ப் பெயருக்கே புவிசார் குறியீடு என்ற பாதுகாப்பும் கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் என்ன? விசைத்தறி ஜமக்காளம் தங்கள் ஊர்ப் பெயரால் விலைபோகிறது என்று பவானி நெசவாளர்கள் பல வருஷங்களாக முறையிடுகிறார்கள். ஜமக்காளத்தைத் தொட்டுப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்தால் அந்த வியாபாரம் நடக்குமா? முத்திரை சரக்கு பிறந்த ஊரைச் சொல்லும். குணத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாவலின் அட்டையில் பரிசு பெற்றது என்று போட்டிருப்பதால் உள்ளே நல்ல நாவல் இருக்கிறது என்று ஆகிவிடுமா?

இன்னொரு விசித்திரம். தியாகராய நகரில் ‘ஒரே விலை’ என்று பலகை மாட்டிய இடத்தில் வாயைத் திறக்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவர்கள், நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு வந்தவுடன் பேரம் பேசுவதில் சூரர்களாகிவிடுகிறார்கள். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி முதலிய ஊர்களில் செய்த பொம்மைகள் அங்கே விற்பனைக்கு வருகின்றன. மண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்திச் சுட்டு, வெள்ளை பூசி, நிறம் தீட்டி, கடைசியில் கண் திறக்கிறார்கள். ஒரே அச்சில் வார்த்த பத்துக் கிருஷ்ணர்களில் ஒரு கிருஷ்ணன் மட்டும் குறும்பாகப் பார்ப்பான். அது கண் எழுதிய கையின் வேலை. அந்த ஒருவனைத் தேடி எடுக்கிறவர்தான் அங்கே உண்மையான கிராக்கி. அவர் பேரம் பேசினாலும் பாதகமில்லை; பொம்மைக்காரி அவரை மறுவருஷமும் ஞாபகம் வைத்திருப்பாள். மற்றவர்களோ, மண்ணா, காகிதக் கூழா, பாரிஸ் சாந்தா என்றுகூடக் கேட்பதில்லை. “செட்டு என்ன விலை?” என்று ஆரம்பித்து, “பாதிக்குக் கொடு” என்று முடிக்கிறார்கள்.

விளைபொருளிலும் இதே கதைதான். 2013-ல் மறைந்த நம்மாழ்வாரும், நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து 2018-ல் மறைந்த நெல் ஜெயராமனும் பாடுபட்டதன் பயனாக, மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் இன்று அடையாறு கடைகளில் கிடைக்கின்றன. ஒருவர் ஆசையோடு இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கிப் போகிறார். சிவப்பரிசி அது, வெகுநேரம் ஊற வேண்டும், நிதானமாக வேக வேண்டும். அவர் வீட்டிலோ பட்டை தீட்டிய பொன்னியைப் போலவே குக்கரில் வைக்கிறார்கள். சோறு பல்லில் கடிபடுகிறது. குழந்தைகள் தட்டை நகர்த்துகின்றன. மீதி அரிசி டப்பாவில் வண்டு பிடிக்கிறது. அடுத்த மாதம் அவர் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. அனுதாபம் ஒரு தடவைக்கு மேல் வாங்காது. நாக்குக்குப் பிடித்துவிட்டால்தான் மாதாமாதம் வாங்கத் தோன்றும். விவசாயிக்கு வேண்டியதும் மாதாமாதம் வாங்குகிறவர்தான்.

“வயிறு காய்கிறவனிடம் ரசனையைப் பற்றிப் பேசலாமா?” என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. நெருக்கடி வந்தால் அனுதாபம்தான் முதலில் ஓடிவர வேண்டும். 1953-ல் அண்ணாவும் அவருடைய கழகத்தாரும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அன்று அது வேண்டியிருந்தது. ஆனால் தோளில் சுமந்து விற்கத் தலைவர்கள் வருஷா வருஷம் வரமாட்டார்கள். தள்ளுபடிக் காலம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அனுதாபத்தால் நெசவாளியை ஒரு தீபாவளிக்குக் காப்பாற்றலாம். அவன் மகன் தறியில் உட்காருவானா என்பது வேறு விஷயம். தகப்பனை ஊரார் ‘பாவம்’ என்று சொல்லும் தொழிலில் எந்தப் பிள்ளை இறங்குவான்?

கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி இதை நூறு வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். சுதேசி இயக்கம் சூடாக இருந்த காலத்தில், கலையையும் சுதேசியத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் சென்னையிலிருந்தே புத்தகமாக வெளிவந்தன. சீமைச் சரக்கைப் பார்த்து மட்டமாகக் காப்பியடித்து, உள்ளூரில் செய்ததென்பதற்காக அதை வாங்கச் சொல்வது சுதேசியம் ஆகாது என்பது அவர் வாதம். இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் கைவினையின் பெருமையை ஊரறியச் சொன்னார். ஆனால் அவர் பட்டறைச் சாமான்களை வாங்கப் பணக்காரர்களால்தான் முடிந்தது. அந்தச் சங்கடம் இங்கும் உண்டு. சம்பளக்காரர் மாதம் ஒரு பட்டு வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். சுமாரான மூன்றுக்குப் பதில் நல்லதாக ஒன்று. பட்டு முடியாவிட்டால் ஒரு சுங்குடி. அதுவும் முடியாவிட்டால் ஒரு கோரைப் பாய், ஒரு மண் பொம்மை. ரசனைக்கு விலை உயர்ந்த பொருள் தேவையே இல்லை.

மட்டமாக நெய்த கைத்தறியை, கைத்தறி என்பதற்காக வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். இது கடுமையாகத் தோன்றலாம். மட்டமான கதையைத் தமிழ்க் கதை என்பதற்காகப் புகழ்ந்து புகழ்ந்து நாம் இலக்கியத்துக்குச் செய்த உபகாரத்தை எண்ணிப் பாருங்கள். இது கடுமை அல்ல என்று தெரியும்.

1936-ல் அடையாறில் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி, 1937-ல் அங்கே நெசவுக்கூடமும் ஏற்படுத்தினார். தறிக்காரர்களுக்குத் தர்மம் செய்வதற்காக அல்ல. பழைய நிறங்களும் கரைகளும் கட்டங்களும் அவருக்கு வேண்டியிருந்தன. கடையில் கிடைத்தது அவர் கண்ணுக்குப் போதவில்லை. இப்படி வேண்டும் என்று கேட்டார். கேட்டபடி நெய்து கொடுக்கக் கைகள் கிடைத்தன. அந்தத் தறிகள் இன்றும் திருவான்மியூரில் ஓடுகின்றன. ஒருவருடைய பிடிவாதமான ரசனை அத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறது.

வாசகர்களில் பலருக்கு நல்ல வாக்கியத்தையும் பொய் வாக்கியத்தையும் பிரித்தறியத் தெரியும். அந்தக் கண்ணைக் கொஞ்சம் கடைக்கும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. சேலையைத் திருப்பிப் பாருங்கள். பாயை மடக்கிப் பாருங்கள். பொம்மையின் முகத்தை நேருக்கு நேர் பாருங்கள். எந்த ஊர், எத்தனை நாள் வேலை, யார் செய்தது என்று கேளுங்கள். மோசமென்றால் மோசமென்று சொல்லிவிட்டு வாருங்கள். நன்றாக இருந்தால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, எது நன்றாக இருக்கிறது என்பதையும் விற்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தை பண்ருட்டிக்கோ பத்தமடைக்கோ எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும்.