பரபக்கமும் நாத்திக மறுப்பும்

ரெட்டியார்சத்திரத்தில் அன்பர் சிலர்க்குச் சிவஞான சித்தியார் பரபக்கம் பாடஞ் சொல்லி வருங்கால், இளைஞரொருவர், "ஐயா, கடவுளில்லை என்பான் கொள்கையை இத்துணை விரித்துரைத்தல் எற்றுக்கு? பொய்யென்று ஒதுக்குதல் போதாதோ?" என வினவினார். அவ்வினாவே இவ்வுரைக்குக் காரணமாயிற்று.

அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் ஆராயும் புறக்கொள்கைகள் பதினான்கு. அவற்றுள் முதற்கண் நின்றது உலகாயதம். காட்சியொன்றே அளவை, பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும், உடலழிய உணர்வும் அழியும், வினையும் மறுபிறப்பும் இறையும் இல்லை என்னும் அவன் மதத்தை முன்னர்க் கூறி, அதன் பின்னரே ஆசிரியர் மறுதலை தொடங்குகின்றார். காட்சியொன்றே அளவையென்னும் துணிபு காட்சியாற் பெறப்பட்டதன்று. இவ்வழுவைக் காண்டற்கும் அவன் கொள்கை திரிபின்றி நம் முன் நிற்றல் வேண்டுமன்றோ?

மேனாட்டிலும் வாதநூல்கள் எழுந்தன. ஆயினும் சொல் நின்றவிடத்துத் தண்டம் தொடங்கிற்று. 1600-இல் உரோமையில் புரூனோ எரிக்கப்பட்டார். 1619-இல் தூலூசு நகரில் வானினி நாவறுக்கப்பட்டுத் தீயிலிடப்பட்டார். 1697-இல் எடின்பரோவில் எய்க்கன்கெட் என்னும் இளமாணவர் தூக்கிலிடப்பட்டார். 1656-இல் ஆம்சுடர்டாம் யூதசபையார் விலக்கிய ஸ்பினோசாவின் நூலோ, அவர் மறைந்த 1677-இலேயே அச்சேறிப் பரவிற்று. தண்டம் மனிதரை அழித்தது, ஐயத்தை அழித்திலது.

இதுகொண்டு நாம் தருக்குதலும் ஆகாது. மதுரையிற் சமணர் கழுவேறிய செய்தியைப் பெரியபுராணம் கூறும். தோற்பிற் கழுவேறுவோமென அவர் தாமே ஒட்டினர் என்பர் நம்மவர். எனினும், பிள்ளையார் பகையிலராயினும் விலக்காதிருந்தார் என்றே சேக்கிழார் கூறுகின்றார். அந்நிகழ்ச்சியின் உண்மையை ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். நிகழினும் நிகழாதொழியினும், அதனை வெற்றிச் சின்னமாகப் பாராட்டுவோர் பரபக்க நெறியைக் கைவிட்டோரே யாவர்.

நம் நாட்டிற் சென்னை இலௌகிக சங்கத்தார், இங்கிலாந்துப் பிராட்லா முதலியோரைப் பின்பற்றி, 1882 முதல் 1888 வரை தத்துவவிவேசினி என்னும் இதழை நடத்தினர். அதன் கட்டுரைகள் இப்போது தொகுக்கப்பெற்று நூலாக வந்துள்ளன. அதனைக் கண்ணாலும் பாராமல் வைவோர் நம்மிற் பலர். அதிற் சாதிக்கொடுமையையும் சிறுமியர் மணத்தையும் கண்டித்த பகுதிகள் நாமும் உடன்பட வேண்டுவன. ஆயினும், ஆசாரத்தின் குற்றங்கொண்டு இறையின்மை துணிதல் ஏதுப்போலி. மருத்துவன் பிழைத்தலால் மருந்தில்லை என்பது போலும் அது. கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளும் இவ்வாராய்ச்சியை அக்காலத்தே நம்மவர் முறையாகச் செய்திருப்பின், பின்வந்த வழக்குகள் பல இத்துணைக் கசப்புற்றிரா.

ஆதலின் அவ்விளைஞர்க்கு யாம் கூறிய விடை இதுவே: "தம்பி, மறுக்க வேண்டுவோன் கொள்கையை அவனே 'ஆம், இதுவே என் கருத்து' என்று ஒப்புமாறு உரைக்க வல்லையாயின், அப்பொழுதே நீ மறுக்கத் தகுதியுடையை." பரபக்கம் சுபக்கத்தின் முன் வைக்கப்பட்டதன் கருத்தும் இதுவென்க.

திருச்சிற்றம்பலம்.