முன்கூட்டியே பழசான பாட்டுகள்

ஜப்பானியப் பாட்டு, பழைய நினைவு என்று யாராவது ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு ‘சிட்டி பாப்’பில் போய் நிற்கும். மத்ஸுபாரா மிகியின் ‘மயோனகா நோ டோர்’ (1979), தகேஉச்சி மரியாவின் ‘பிளாஸ்டிக் லவ்’ (1984). நல்ல பாட்டுகள்தான். ஆனால் அவற்றுக்காக இணையத்தில் உருகுகிறவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவில்லை, ஜப்பான் பக்கம் போனதும் இல்லை. டோக்கியோவில் நான் வேலை பார்த்த நான்கு வருடங்களில், முப்பதுகளில் இருந்த என் சக ஊழியர்கள் கரோகேயில் இவற்றைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததே இல்லை.

அவர்களுடைய பட்டியல் வேறு. பம்ப் ஆஃப் சிக்கன் குழுவின் ‘தென்தாய் கான்ஸோகு’ (2001), ஒகினாவாவின் மங்கோல்800 பாடிய ‘சீஸானா கோய் நோ உதா’ (2001), ஸ்மாப்பின் ‘செகாய் நி ஹிதோத்ஸு தாகே நோ ஹானா’ (2003), ரெமியோரோமெனின் ‘மார்ச் 9’ (2004), ‘கொனாயுகி’ (2005), க்ரீன் குழுவின் ‘கிஸேகி’ (2008). வெளிநாட்டு விமர்சகர்கள் இவற்றைச் சீண்டுவதில்லை. புதுமை குறைவு, இனிப்பு அதிகம் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனாலும் முதல் நான்கு ஸ்வரம் ஒலித்ததும் அறையிலிருக்கும் பத்துப் பேரும் ‘நத்ஸுகாஷீ!’ என்று கத்துகிறார்களே, அது என்ன?

அந்தச் சொல்லைச் சோகமான ஏக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒட்டிக்கொள்ளுதல், பழகிப்போதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது அது. ரொம்ப நாள் கழித்துப் பார்த்த நாய்க்குட்டி வாலாட்டிக்கொண்டு ஓடிவருகிற மாதிரி. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

பதின்வயதில் கேட்ட பாட்டு யாருக்குத்தான் பிடிக்காது என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்தப் பாட்டுகளில் பல, வெளியான அன்றே பழைய நினைவாக வெளியானவை என்பது என் எண்ணம். பதினேழு வயதுப் பையனிடம் “நீ பதினேழாக இருந்தாயே, நினைவிருக்கிறதா?” என்று கேட்கிற பாட்டுகள்.

‘சகுரா பாட்டு’ வகையைப் பாருங்கள். 2000-இல் ஃபுகுயாமா மசஹாருவின் ‘சகுராஸகா’, 2003-இல் மொரியாமா நாவோதாரோவின் ‘சகுரா’, 2005-இல் கெட்சுமெய்ஷி, அதே வருடம் கொபுகுரோ, 2006-இல் இகிமோனோகாகரி. பெரும்பாலும் எல்லாம் ஒரே தலைப்பு. ஜப்பானில் பள்ளி வருடம் மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும். டோக்கியோவில் சகுரா பூப்பது இந்த இரண்டுக்கும் நடுவே. பிரிவுக்கென்று நாள்காட்டியில் ஓர் இடமும், அதற்கென்று ஒரு மரமும், அந்த மரத்துக்கு வருடாவருடம் புதுப் பாட்டும். பள்ளி முடியும் முன்பே, முடிந்த பள்ளியைப் பற்றிய பாட்டு கையில் கிடைத்துவிடும். ஏக்கத்தை முன்பணமாகக் கட்டி வாங்குவது போல.

இசையும் இதற்குத் துணை போகிறது. ஜப்பானிய பாப்பில் எங்கும் தட்டுப்படும் ஒரு கார்டு வரிசைக்கு ‘ராஜபாட்டை’ என்றே பெயர், ஓதோ ஷின்கோ. ஸி மேஜரில் சொன்னால் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். வீட்டுச் சுருதியான ஸி இந்த நான்கில் இல்லை. வெளியில் தொடங்கி, வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் மைனர் பக்கம் திரும்பிப் போய்விடும். வீடு தெரியும், போய்ச் சேர முடியாது. பாடல் வரிகள் புரியாத எனக்கே ஆரம்ப நாட்களில் தொண்டை அடைத்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இனி என் தொழில் சார்ந்த விஷயம். 2002 டிசம்பரில் கேடிடிஐயின் ‘ஏயு’ கைபேசிகளில் ‘சாகு-உதா’ வந்தது. அசல் பாட்டின் ஒரு துண்டையே அழைப்பொலியாக வைத்துக்கொள்ளலாம், சுமார் 30 நொடி. 2004-இல் முழுப்பாட்டுச் சேவையும் வந்தது. ‘கிஸேகி’ 20 லட்சத்துக்கும் மேல் இறங்கியது இந்த வழியில்தான். 30 நொடியில் எதை வைப்பீர்கள்? ‘ஸபி’யைத்தான். நம் பல்லவிக்கு இணையானது, ஆனால் நம் பாட்டில் பல்லவி எடுத்த எடுப்பிலேயே வந்துவிடும். அங்கே ஏ-மெலோ, பி-மெலோ என்று இரண்டு படி ஏறின பிறகுதான் ஸபி. சாகு-உதா அந்தப் படிக்கட்டை வெட்டி எறிந்துவிட்டு மொட்டைமாடியை மட்டும் விற்றது. விளைவைக் கரோகே அறையில் கேட்கலாம். ஸபி வந்தால் கூரை பிய்ந்துகொண்டு போகும். ‘கொனாயுகி’யின் ஸபியில் அந்த நீட்டி இழுக்கும் முதல் சொல்லில் குரல் கிழியாத ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டாவது சரணம் வந்தால் எல்லோரும் திரையைப் பார்த்து முணுமுணுப்பார்கள்.

அந்தக் கோப்புகள் பெரும்பாலும் வாங்கிய கைபேசியோடு பூட்டப்பட்டவை. கருவியை மாற்றினால் பாட்டு போச்சு. பழைய கைபேசிகளுக்கான விற்பனையும் 2016 கடைசியில் நின்றது. அப்பாவின் இசைத்தட்டு மகனுக்குக் கிடைக்கும். இவர்கள் காசு கொடுத்து வாங்கியதோ மேசை இழுப்பறையில், சார்ஜர் இல்லாத மடக்குக் கைபேசிக்குள் கிடக்கிறது.

ஸ்மாப் பாட்டைப் பற்றி எனக்கு முழு உடன்பாடு இல்லை. மகிஹாரா நொரியுகி எழுதியது. போட்டி வேண்டாம், நீ நீயாக இருந்தாலே போதும் என்கிற மாதிரியான ஆறுதல். 2002-இல்தான் ஜப்பான் பள்ளிப் பாடச்சுமையைக் குறைத்து, சனிக்கிழமை விடுமுறை தந்து, ‘யுதோரி’ கல்வியை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அந்த வகுப்பறைகளில் பிள்ளைகள் சேர்ந்து பாடிய பாட்டு இது. ஆறு வருடத்தில் லேமன் சரிவு. கையில் இருந்த வேலை உத்தரவை நிறுவனங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டன. 2008-09 புத்தாண்டில், வேலையும் தங்குமிடமும் இழந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக ஹிபியா பூங்காவில் கூடாரம் போட்டார்கள். பூக்களை வரிசைப்படுத்தாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், சந்தை ஈவிரக்கமில்லாமல் வரிசைப்படுத்துவதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ‘இந்த யுதோரிப் பிள்ளைகள் எதற்கும் தாங்க மாட்டார்கள்’ என்று மூத்தவர்களின் வசை வேறு.

அப்படியானால் பாட்டு பொய் சொன்னதா? என் குழுவில் ஒருவர், 2010-இல் வேலை தேடி அலைந்தவர், இதை ஏறக்குறைய இப்படிச் சொன்னார்: அது பொய் என்று பாடும்போதே தெரியும், ஆனால் அன்றைக்குப் பெரியவர்கள் நமக்காகச் சிரமப்பட்டுச் சொன்ன பொய் அது. 2016 முடிவில் ஸ்மாப் கலைந்தபோது ரசிகர்கள் அதே குறுந்தகட்டைத் திரும்ப வாங்கி, விற்பனையை 30 லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் தட்டு அது. நன்றிக்கடன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாட்டு எனக்கு இன்னும் தட்டையாகத்தான் கேட்கிறது. சக ஊழியரின் பதிலை மட்டும் தள்ள முடியவில்லை.

‘மார்ச் 9’ கதை இதற்கு நேர் எதிர். ரெமியோரோமென் அதை எழுதியது நண்பரின் கல்யாணத்துக்கு; தலைப்பு அந்தக் கல்யாண நாள். 2005-இல் ‘ஒரு லிட்டர் கண்ணீர்’ தொலைக்காட்சித் தொடரில் வகுப்பு மாணவர்கள் அதைச் சேர்ந்து பாடினார்கள். தேதியோ மார்ச், பள்ளி முடியும் மாதம். அவ்வளவுதான், கல்யாணப் பாட்டு நாடு முழுக்கப் பிரிவுபசாரப் பாட்டாகிவிட்டது. இங்கே ஏக்கத்தை யாரும் முன்கூட்டிப் பொதிந்து வைக்கவில்லை; கேட்டவர்களே கொண்டுவந்து ஏற்றினார்கள். சகுரா பாட்டுகள் பலவற்றைவிட இது நீடிப்பதில் ஆச்சரியமில்லை. மற்றவை சாய்வுப் பாதை, சைக்கிள், மாலை வெயில் என்று யார் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளும் படிவம் மாதிரி இருக்கின்றன. படிவத்தை நிரப்பிய தலைமுறைக்கு அது பொக்கிஷம். அடுத்த தலைமுறைக்கு வெறும் படிவம்.

அதனால்தான் மொத்தப் பட்டியலில் ‘தென்தாய் கான்ஸோகு’வை மேலே வைப்பேன். தலைப்புக்கு விண்நோக்கல் என்று பொருள். எழுதியவர் ஃபுஜிவாரா மோதோ, அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். அதில் கடிகார மணி இருக்கிறது, ரயில்வே கேட் இருக்கிறது, தூக்கிச் சுமக்க வேண்டிய ஒரு தொலைநோக்கி இருக்கிறது, வானிலை அறிவிப்பு கூட இருக்கிறது. நமக்கு இடமே விடாத ஒருவனின் ஒரு ராத்திரி. வேகமும் அதிகம், உட்கார்ந்து உருக நேரம் கிடையாது. இந்தப் பாட்டுக்கு மட்டும் என் சக ஊழியர்கள் திரையைப் பார்க்கவில்லை. இரண்டாவது சரணத்தையும் மனப்பாடமாகவே பாடினார்கள்.