ஒற்றைப் பாடநூலும் கல்லெறிந்த சிறுவனும்: பாசிச இத்தாலியின் பள்ளிப் பரப்புரை

முசோலினியின் பாசிச ஆட்சி (1922–1943) இத்தாலியச் சிறுவர்களைத் தன்வயப்படுத்திய வரலாறு பெரும்பாலும் சீருடை, அணிவகுப்பு, விளையாட்டுத் துப்பாக்கி ஆகிய காட்சிகளின் வழியே நினைவுகூரப்படுகிறது. அக்காட்சிகள் பொய்யல்ல. எனினும், ஓசையின்றிப் பணியாற்றிய பாடநூலே கூர்ந்த வாசிப்பை வேண்டி நிற்கிறது என்பது நம் கருத்து.

1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நிறுவப்பட்ட அரசின் சிறுவர் அமைப்பு ‘பலில்லா’ என்னும் பெயரைத் தாங்கியது. 1746ஆம் ஆண்டில் ஜெனோவா நகரை ஆக்கிரமித்திருந்த ஆஸ்திரியப் படையினர்மீது முதற்கல்லை எறிந்ததாக மரபு போற்றும் சிறுவனின் பட்டப்பெயர் அது. ஈண்டு ஒரு முரண் புலப்படுகிறது. படைபலம் கொண்ட அதிகாரத்திற்குப் பணிய மறுத்தவன் பலில்லா. அவன் பெயரால் திரட்டப்பட்ட 8 முதல் 14 வயது வரையிலான சிறுவர்களோ பணிதலையே முதற்பாடமாகக் கற்றனர். மாற்று அமைப்புகளும் விட்டுவைக்கப்படவில்லை. 1928ஆம் ஆண்டிலேயே கத்தோலிக்கச் சாரணர் இயக்கம் கலைக்கப்பட்டது.

இம்முரணைப் பிள்ளைகள் உணராதவாறு மறைத்தது எது? 1929ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கப்பள்ளிகளுக்கு அரசின் ஒற்றைப் பாடநூலை விதித்தது. அடுத்த ஆண்டு அது வகுப்பறைக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு நூலின் வாசிப்புப் பகுதியை உருவாக்கியவர், 1926ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற கிராசியா டெலெடா. அவர்தம் இலக்கிய மதிப்பு அரசின் குரலுக்கு நம்பகத்தன்மையை ஈட்டித் தந்தது எனலாம். அதே அட்டைக்குள் சமயம், வரலாறு, புவியியல், கணிதம் ஆகியனவும் இடம்பெற்றன. இவ்வமைப்பே இந்நூலின் உண்மையான உத்தி என நாம் கருதுகிறோம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஐயுறாத குழந்தை, அதே நூல் ஆட்சியைப் புகழும்போது எதைக்கொண்டு ஐயுறும்? ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நூல் இல்லாதவிடத்துப் புகழுரையும் வாய்ப்பாடாகி விடுகிறது.

இதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1938ஆம் ஆண்டின் இனச்சட்டங்கள் யூத மாணவர்களையும் ஆசிரியர்களையும் அரசுப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றின. நேற்றுவரை உடன் அமர்ந்திருந்த தோழனின் இடம் ஏன் வெறுமையாயிற்று என்று கேட்கும் பழக்கத்தை ஒற்றைப் பாடநூல் கற்பித்திருக்கவில்லை.

பரப்புரை முழு வெற்றி பெற்றது என்று கூறிவிடவும் இயலாது. 1923ஆம் ஆண்டில் பிறந்த எழுத்தாளர் இதாலோ கால்வினோ, இளமையில் ஆட்சியின் இளைஞர் அமைப்பில் சீருடை அணிந்தவர். பின்னர்ப் பாசிசத்தை எதிர்த்த கொரில்லாப் படையில் சேர்ந்து போரிட்டார். பாசிசத்தை ஏற்காத பெற்றோரின் இல்லத்தில் வளர்ந்த அவருக்குப் பள்ளி தராத இரண்டாவது குரல் வாய்த்திருந்தது.

ஆதலின், பள்ளிப் பரப்புரையை ஆராய்வோர் பாடநூலில் எழுதப்பட்டதை மட்டும் நோக்குதல் போதாது. அதன் அருகில் இருந்திருக்க வேண்டிய எந்த நூல் அகற்றப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.